இருவர் ஓட்டும் ஒரு சைக்கிள்



நம் வீடுகளில் திருகு வைத்த பொருள்கள் பல இருக்கின்றன. ஆனால் அவற்றைத் திருகிப் பார்க்கிறவர்கள் குறைவு. குளிரூட்டிப் பெட்டியின் உள்ளே எண்கள் போட்ட ஒரு சிறு வட்டம் இருக்கும். கடையிலிருந்து வந்த நாளில் எந்த எண்ணில் நின்றதோ, அதே எண்ணில் பத்து வருடங்களாக நிற்கும். தையல் மெஷினில் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதன் அருமை தைக்கிற பெண்களுக்குத் தெரியும். மெல்லிய துணிக்கு ஓர் இறுக்கம், தடித்த துணிக்கு வேறோர் இறுக்கம் என்பதை அவர்கள் விரலாலேயே அறிவார்கள்.

இம்மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டதும் ஒரு திருகைப் பற்றித்தான். 'மவுண்டன் பைக்' என்று பிள்ளைகள் சொல்லும் மலைச் சைக்கிளின் முன் போர்க்கில், வலது காலின் உச்சியில் இருக்கும் நீலத் திருகு அது. "மௌலவிக்கு இதென்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். அறபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதிய காலத்தில் இதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு தந்தை என்ற முறையில் கற்க வேண்டி வந்தது. கற்றதைச் சொன்னால், வீட்டில் அப்படியொரு சைக்கிள் வைத்திருக்கும் பெற்றோர் சிலருக்கேனும் பயன்படும் என்று நம்புகிறேன்.

பெற்றோல் இல்லாத நாட்கள்

2022ஆம் ஆண்டை இலங்கையில் வாழ்ந்த எவரும் இலகுவில் மறக்கமாட்டார். ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாயாகியது. அந்த விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவருக்கும் அது கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று ஜூன் 27ஆம் திகதி அறிவித்தார்கள். ஜூலையில் கியூஆர் முறை வரும் வரை, காலி வீதியில் வாகனங்கள் இரவு பகலாக வரிசையில் நின்றன. பாடசாலைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தன.

எங்கள் வீடு இரத்மலானையில். நான் படிப்பிக்கும் பாடசாலை வெள்ளவத்தைப் பக்கம். மகனுக்கு அப்போது வயது பதினாறு. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவன். அவனுடைய கணித, விஞ்ஞான வகுப்புகளும் வெள்ளவத்தையிலேயே. ஒரு பயணம் ஏறத்தாழ ஆறேழு கிலோமீற்றர். த்ரீவீலர்காரர் கேட்ட தொகையைக் கேட்டால், சம்பளத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

அந்நேரத்தில் கைகொடுத்தது என் தம்பியின் சைக்கிள். கட்டாரில் தொழில் செய்யும் அவன், அங்கு வாங்கி ஓட்டிய மலைச் சைக்கிளை முந்திய வருட விடுமுறையில் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். முன் போர்க்கில் நூறு மில்லிமீற்றர் அமுங்கும் ஷொக் உள்ள நல்ல வண்டி. காலையில் நான் அதில் பாடசாலைக்குப் போய் வருவேன். பிற்பகலில் மகன் வகுப்புக்குப் போவான். ஒரே சைக்கிள், ஓட்டுகிறவர் இருவர்.

மூன்று வாரம் சென்றிருக்கும். ஒரு நாள் மகன், "வாப்பா, கை நோவுது. எழுத ஏலாம இருக்கு" என்றான். வலது மணிக்கட்டும் பெருவிரலின் அடியும் அவனுக்கு நொந்தன. டொக்டரிடம் காட்டினோம். எலும்பில் குறையில்லை, சைக்கிளில் கைக்கு வரும் அதிர்வுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு எழுதும் கை எவ்வளவு முக்கியம் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவனுடைய உம்மா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: "அந்தச் சைக்கிள வித்துப்போட்டு, புள்ளைக்கு த்ரீவீல் காசக் குடுங்க." விற்ற காசு எத்தனை மாதத்துக்கு வரும் என்ற கணக்கு என் மனதில் ஓடியது. இரண்டு மாதத்துக்கு மேல் வராது.

ஷொக் உள்ள சைக்கிள், ஷொக் இல்லாத சைக்கிளை விடக் கைக்குச் சுகமாக அல்லவா இருக்க வேண்டும்? இதில் ஏன் கை நோகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில்தான் நீலத் திருகு என் கண்ணில் பட்டது.

அயல்வீட்டு மாத்தயா

இரத்மலானை என்றதும் பலருக்கு ரயில் வேலைத்தளமும் விமான நிலையமும் நினைவுக்கு வரும். 1935 நவம்பர் 27ஆம் திகதி சென்னை பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் ஓட்டி வந்த 'புஸ் மொத்' என்னும் சிறு விமானம்தான் இங்கு முதலில் வந்திறங்கியது. கட்டுநாயக்க வரும் வரை நாட்டின் சர்வதேச விமான நிலையம் இதுவே. இதன் ஓரத்தில் வாழ்கிறவர்களுள் விமானம் திருத்தத் தெரிந்த முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் அயல்வீட்டு மாத்தயா அவர்களுள் ஒருவர். விமானத்தின் தரையிறங்கு கால்களைக் கழற்றிப் பூட்டுவதே அவருக்குப் பல வருடத் தொழில்.

சைக்கிளை அவருடைய முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். போர்க்கை இரண்டு கையாலும் ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். அது அரை அங்குலம்கூட இறங்கவில்லை. "மௌலவிதுமா, இதை ஓட்டியவர் எத்தனை கிலோ?" என்று சிங்களத்தில் கேட்டார். தம்பி 95 கிலோ என்றேன். "மகன்?" 48 என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். "யானைக்கு வைத்த கட்டிலில் பூனையைப் படுக்க வைத்திருக்கிறீர்கள்" என்றார்.

விமானத்தின் காலும் சைக்கிளின் போர்க்கும் வேலையில் ஒன்றே என்று அவர் விளக்கினார். அங்கே நைதரசன் வாயுவும் எண்ணெயும். இங்கே காற்றும் எண்ணெயும். விமானம் ஓடுபாதையில் மோதும்போது வாயு சுருங்கிப் பாரத்தைத் தாங்குகிறது. எண்ணெய் சிறு துளை வழியே பாய்ந்து மோதலின் வேகத்தைத் தின்றுவிடுகிறது. எண்ணெய் இல்லாவிட்டால் விமானம் பந்து போலத் துள்ளிக்கொண்டே போகும்.

வேறொரு செய்தியையும் இங்கு குறிப்பிட வேண்டும். எண்ணெயால் அடக்கப்படும் குழாய்ப் போர்க்கை மோட்டார் சைக்கிளில் பீஎம்டபிள்யூ நிறுவனம் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இதே 1935இல்தான். அது மிதிசைக்கிளுக்கு முறையாக வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியது. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் பந்தய மெக்கானிக்காக இருந்த போல் டேர்னர் என்பவர் 1989இல் 'ரொக் ஷொக்ஸ்' போர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது ஐந்து சென்ரிமீற்றர் அளவுகூட முழுதாக அமுங்காது. ஆயினும் 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடந்த முதலாவது உலக மலைச் சைக்கிள் போட்டியில், மலையிறக்கப் பந்தயத்தை வென்ற கிரெக் ஹேர்போல்ட் ஓட்டியது அந்தப் போர்க் பூட்டிய சைக்கிளைத்தான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளோட்டம் சேர்க்கப்பட்டது. இன்று நம் தெருப் பிள்ளைகளின் வண்டிகளிலும் ஷொக் தொங்குகிறது.

உள்ளே நடப்பது என்ன?

போர்க்கினுள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்து விளங்கிக்கொள்ளாதவர் எந்தத் திருகைத் தொட்டும் பயனில்லை.

முதலாவது, பாரம் தாங்குவது. இதைச் செய்வது சுருள்வில் அல்லது அடைத்த காற்று. ஓட்டுபவரின் நிறைக்கு ஏற்ப இது இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் இடது காலில் காற்று. உச்சி மூடியைக் கழற்றினால் கார் டயருக்கு உள்ளது போன்ற வால்வு தெரியும்.

இரண்டாவது, அசைவை அடக்குவது. இதைச் செய்வது வலது காலில் உள்ள எண்ணெய். போர்க் அமுங்கும்போது அடக்குவதைக் 'கொம்ப்ரெஷன்' என்கிறார்கள். அமுங்கியது திரும்பி எழும்போது அடக்குவதை 'ரீபவுண்ட்' என்கிறார்கள். பெரும்பாலான போர்க்குகளில் முன்னையதற்கு நீலத் திருகு மேலேயும், பின்னையதற்குச் சிவப்புத் திருகு கீழேயும் இருக்கும்.

தாய்மார்களுக்கு இதை விளக்க இடியப்ப உரலை விடச் சிறந்த உவமை எனக்குக் கிடைக்கவில்லை. மாவை மெதுவாக அமுக்கினால் துளை வழியே இலகுவாக இறங்கும். அவசரப்பட்டு ஒரேயடியாக அமுக்கிப் பாருங்கள், உரல் கையை எதிர்க்கும். துளை சிறிதானால் எதிர்ப்பு இன்னும் கூடும். நீலத் திருகு செய்வது இந்தத் துளையைப் பெருக்குவதும் சுருக்குவதுமே. எண்ணெயிலோ இன்னொரு விசேடம் உண்டு. ஒரே துளையில் எண்ணெய் பாயும் வேகம் இரட்டித்தால், எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

இதனால் ஒரு சிக்கல் வருகிறது. பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னே சாய்ந்து போர்க் மெதுவாக அமுங்கும். பள்ளத்தில் விழும்போது அதே போர்க் மின்னல் வேகத்தில் அமுங்கும். முன்னதைத் தடுக்கத் துளையைச் சுருக்கினால், பின்னதில் எண்ணெய் போக வழியின்றி அடி முழுவதும் கைக்கு வந்துவிடும். இதற்காக மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி இன்னொரு வழியையும் உள்ளே வைக்கிறார்கள். பலத்த அடி வந்தால் தகடு வளைந்து எண்ணெய்க்கு இடம்விடும். ஆகவே கொம்ப்ரெஷனில் மெதுவேகம், கடுவேகம் என இரண்டு உண்டு. இங்கே வேகம் என்பது சைக்கிள் ஓடும் வேகமன்று, போர்க் அமுங்கும் வேகம். விலையுயர்ந்த போர்க்குகளில் இரண்டுக்கும் தனித்தனித் திருகு இருக்கும். எங்களுடையது போன்ற நடுத்தரப் போர்க்கில் மெதுவேகத்துக்கு மட்டுமே திருகு.

தம்பியின் போர்க்கில் காற்று சதுர அங்குலத்துக்கு 105 இறாத்தல் இருந்தது. நீலத் திருகு பன்னிரண்டு 'டிக்'கில் பத்தாவதில் நின்றது. 95 கிலோ மனிதன் பாலைவனப் பாதையில் ஓட்டுவதற்கு அது சரி. 48 கிலோப் பிள்ளை காலி வீதியின் மேன்ஹோல் மூடிகளில் ஏறி இறங்க அது ஷொக் அல்ல, இரும்புத் தடி. கை நோவுக்குக் காரணம் அதுவே.

ஒழுங்கு முறை

சரிசெய்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எடுத்த எடுப்பில் நீலத் திருகில் கை வைக்கக் கூடாது. மாத்தயாவுடன் இருந்து நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் டயரில் காற்று. கல்லு மாதிரி அடித்த டயரில் எந்த ஷொக்கும் சுகம் தராது. டயரின் ஓரத்தில் அச்சிட்ட அளவுகளுக்குள், நிறைக்குத் தக்கபடி குறைத்து வைத்தோம்.

அடுத்தது போர்க்கின் காற்று. இதற்கு முள் வைத்த சிறிய ஷொக் பம்ப் வேண்டும். அது தம்பியின் பெட்டியிலேயே இருந்தது. டயர் பம்பால் அடிக்க முயல வேண்டாம். உள்ளே காற்றறை மிகச் சிறிது, கழற்றும்போதே அளவு மாறிவிடும். ஷொக் பம்பைச் சொருகியவுடன் முள் சற்றுக் குறைத்துக் காட்டினால் பயப்படாதீர்கள். போர்க்கின் காற்றில் ஒரு பங்கு பம்பின் குழாயை நிரப்பப் போகிறது, அவ்வளவுதான். எத்தனை கிலோவுக்கு எத்தனை இறாத்தல் என்ற அட்டவணை பல போர்க்குகளின் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அது தொடக்கம் மட்டுமே. முடிவு சொல்வது 'சாக்', அதாவது ஓட்டுபவர் ஏறி அமர்ந்ததும் போர்க் தானாக இறங்கும் அளவு. உள்குழாயில் ஒரு ரப்பர் வளையமோ நூலோ கட்டி, அடியோடு தள்ளிவிட்டு, பிள்ளையை மெதுவாக ஏற்றி இறக்கினால் வளையம் நகர்ந்து அளவைக் காட்டும். சாதாரண ஓட்டத்துக்கு முழு அளவில் 15 முதல் 20 வீதம் போதும். கரடுமுரடான பாதைக்கு 25 வரை போகலாம். நூறு மில்லிமீற்றர் போர்க்கில் 18 மில்லிமீற்றரை நாங்கள் இலக்காக வைத்தோம். மகன் வகுப்புக்குச் சுமக்கும் புத்தகப் பையையும் தோளில் போட்டே ஏற்றினோம். அவனுக்கு 45 இறாத்தலில் சரிவந்தது. 74 கிலோவான எனக்கு 75.

மூன்றாவது, சிவப்புத் திருகு. முன்சக்கரத்தை நடைபாதை விளிம்பிலிருந்து இறக்கினால், போர்க் ஒரு தரம் எழுந்து அமைதியாக வேண்டும். இரண்டு மூன்று தரம் துள்ளினால் இறுக்க வேண்டும். சோம்பேறி போல மெல்ல எழுந்தால் தளர்த்த வேண்டும். காற்றைக் குறைத்த போர்க்குக்கு இந்த அடக்கமும் குறைவாகவே தேவை.

இவையெல்லாம் முடிந்த பின்னரே நீலத் திருகு. அதை முழுதும் திறந்து, அந்த இடத்தைப் பூச்சியமாக வைத்துக்கொண்டோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வேகத்தடையும் மூன்று மேன்ஹோல் மூடிகளும் உண்டு. அதே பாதை, அதே வேகம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பது மாத்தயாவின் சட்டம். பூச்சியத்தில் மகன் ஓட்டினான். கைக்குச் சுகம், ஆனால் முன் பிரேக்கைப் பிடித்ததும் வண்டி மூக்குக் குத்தியது. தெஹிவளையில் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும் த்ரீவீலருக்குப் பின்னால் அப்படி மூக்குக் குத்தினால் ஆபத்து. இரண்டு 'டிக்' கூட்டினோம். குறைந்தது. மூன்றில் நின்றது. நான்கில் மேன்ஹோல் மூடி மீண்டும் கைக்குத் தெரிந்தது. ஆகவே மூன்று. எனக்கு ஐந்து.

இந்த இடத்தில் பலர் தவறி விளங்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போர்க் அதிகமாக இறங்குகிறது என்பதற்காகக் கொம்ப்ரெஷனை இறுக்குகிறார்கள். பாரம் தாங்குவது காற்றின் வேலை. அசைவை அடக்குவது எண்ணெயின் வேலை. காற்றுப் போதாத குறையை எண்ணெயால் தீர்க்கப் போனால் போர்க் அமுங்கவும் மறுக்கும், பாரத்தைத் தாங்கவும் மாட்டாது.

ஆணியில் தொங்கிய கொப்பி

சைக்கிள் நிறுத்தும் சுவரில் ஓர் ஆணியடித்து ஒரு சிறிய கொப்பியைத் தொங்கவிட்டோம். ஒரு பக்கம் மகனுக்கு, மறுபக்கம் எனக்கு. காற்று, சிவப்பு, நீலம் மூன்றும் எழுதப்பட்டன. யார் வண்டியை எடுக்கிறாரோ அவரே தமக்கேற்ப மாற்ற வேண்டும். இரண்டு நிமிட வேலை. இரண்டு வாரத்தில் மணிக்கட்டு நோவு குறைந்தது. பின்னர் அவன் அதைப் பற்றிப் பேசவேயில்லை. அவன் உம்மாவும் விற்பனைப் பேச்சை எடுக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு பிற்பகல் கொப்பியில் மகனுடைய பக்கத்தில் '12' என்று எழுதியிருந்ததைக் கண்டேன். "என்ன மகன் இது?" என்றேன். வகுப்பு நண்பர்கள், பந்தயக்காரர் எல்லாரும் முழுதாக இறுக்கித்தான் ஓட்டுவார்கள், அப்போதுதான் வேகம் வரும் என்று சொன்னார்களாம். நான் மறுக்கவில்லை. "காலி வீதியில் ஒரு நாள் பன்னிரண்டில் ஓட்டு, ஒரு நாள் மூன்றில் ஓட்டு. நேரத்தைக் கொப்பியில் எழுது" என்றேன். இரண்டு நாளும் நேரம் ஏறத்தாழ ஒன்றே. பன்னிரண்டை அவனே வெட்டிவிட்டு மூன்றை எழுதினான். நண்பர்கள் சொன்னதும் முழுப் பொய்யன்று. வழுவழுப்பான தார் வீதியில் எழுந்து நின்று மிதித்து ஏறும்போது போர்க் ஆடினால் வலு வீணாகும். அதற்காகவே சிலவற்றில் 'லொக்' என்ற பூட்டு வைத்திருக்கிறார்கள். ஏற்றம் முடிந்ததும் திறந்துவிட வேண்டும் என்பதைத்தான் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

ஹெம்மாத்தகமையில் ஒரு காலை

அவ்வருட டிசம்பரில் கிடைத்த சில நாள் விடுமுறையில், மனைவியின் ஊரான ஹெம்மாத்தகமைக்குப் போனோம். சைக்கிளை ரயிலில் பொதிப் பெட்டியில் போட்டு ரம்புக்கனை வரை கொண்டுபோய், அங்கிருந்து உறவினர் ஒருவரின் லொறியில் ஏற்றினோம். மாவனல்லைக்கு அப்பால் அந்தப் பக்கமெல்லாம் மேடும் பள்ளமும் ரப்பர் தோட்டமும்தான். தோட்டத்துப் பாதையில் கல்லும் சருகும். கொழும்பில் வைத்த அளவு அங்கே எப்படிப் பொருந்தும்?

மகனும் அவன் மாமா மகனும் காலையில் இரண்டு சைக்கிளில் இறங்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும் முன்சக்கரம் தரையில் நிற்காமல் கல்லுக்குக் கல் தாவுவதாக மகனுக்குத் தோன்றியிருக்கிறது. சக்கரம் தரையைத் தொடாத கணத்தில் பிரேக்குக்கும் ஹாண்டிலுக்கும் வேலையே இல்லை. அவன் ஓரமாக நிறுத்தி, நீலத்தை மூன்றிலிருந்து ஒன்றுக்குத் திறந்திருக்கிறான். பிறகு போர்க் கல்லை விழுங்கிக்கொண்டு போனதாம். இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மச்சானின் சைக்கிளிலும் ஷொக் இருந்தது, நீலத் திருகும் இருந்தது. ஆனால் அது சுருள்வில்லை மேலிருந்து அழுத்தும் 'ப்ரீலோட்' திருகு மட்டுமே. உள்ளே எண்ணெய் அடக்கம் எதுவும் இல்லை. இறக்கத்தில் ஒரு வேரில் ஏறியதும் போர்க் அடியோடு அமுங்கி, அதே வேகத்தில் துள்ளி எழுந்து, பிள்ளையைப் பாதையோரக் கானில் போட்டுவிட்டது. முழங்கையிலும் முழங்காலிலும் தோல் கழன்றது. எலும்பு முறியவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே அவன் கேட்டான்: "மாமா, என்ட சைக்கிளயும் அப்பிடிச் செய்ய ஏலுமா?" ஏலாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. இல்லாத எண்ணெயை எந்தத் திருகாலும் கொண்டுவர முடியாது.

வாங்குவோர் கவனத்துக்கு

பெற்றோரே, இதில்தான் உங்கள் பணம் போகிறது. ஷொக் இருக்கிறது என்பதற்காகச் சைக்கிளின் விலையைக் கூட்டிக் கேட்கும்போது, அது எப்படிப்பட்ட ஷொக் என்று கேளுங்கள். போர்க்கை முழுப் பலத்தோடு அமுக்கிச் சட்டென்று விடுங்கள். அமைதியாக எழுந்தால் உள்ளே அடக்கம் உண்டு. 'டக்' என்று குதித்தால் வெறும் வில்தான். அத்தகைய போர்க் நிறையும் கூடியது. பிள்ளை ஓடப்போவது தார் வீதி மட்டுமென்றால், ஷொக் இல்லாத சாதாரணப் போர்க்கும், சற்று அகன்ற டயரும், நல்ல பிரேக்கும் உள்ள சைக்கிளே மேல். மிச்சமாகும் காசுக்குத் தலைக்கவசம் வாங்கலாம்.

நல்ல போர்க் வைத்திருப்போருக்கும் சில வார்த்தைகள். நம்மைப் போலக் கடற்கரை ஓரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று பெரும் பகை. மினுங்கும் உள்குழாயை மென்துணியால் அடிக்கடி துடையுங்கள். அதில் கீறல் விழுந்தால் எண்ணெய் கசியத் தொடங்கும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை அதன் ரப்பர் ஓரத்தில் அடிக்காதீர்கள். ஏறத்தாழ ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தரம் கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் பலரின் கணக்கு. காற்றை முழுதும் திறந்துவிடாமல் உச்சி மூடியின் பெரிய நட்டில் எவரும் சாவி வைக்கக் கூடாது. அடைபட்ட காற்று அதைத் துப்பாக்கிக் குண்டு போலத் தூக்கி எறியும்.

மகன் 2023 மே மாத இறுதியில் தொடங்கிய பரீட்சையை எழுதி முடித்தான். அதே வருட செப்டெம்பரில் கியூஆர் முறையும் எடுபட்டது. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. ஆனாலும் எங்கள் வீட்டில் சைக்கிளை ஓட்டுகிறவர் இன்னமும் இருவர்தான். அவன் வளர்ந்து நிறை கூடியதால், கொப்பியில் அவனுடைய எண்கள் என் எண்களை நெருங்கிக்கொண்டு வருகின்றன.

உங்கள் வீட்டில் அப்படியொரு சைக்கிள் இருந்தால், இன்று அஸருக்குப் பின் பிள்ளையைப் பையோடு அதில் ஏற்றிப் பாருங்கள். ஒரு நூலும் ஓர் அடிமட்டமும் போதும். போர்க் அசையாமல் நின்றாலும், ஒரேயடியாக இறங்கினாலும், அது வேறு யாருக்கோ வைத்த அளவு. கை நோகிறது என்று பிள்ளை சொன்னால், முதலில் வண்டியின் அளவைக் கேளுங்கள். வஸ்ஸலாம்.